சித்தி பொறுக்கி வைத்த சோளம்

நடந்தது இவ்வளவுதான்:

1. நைரோபியிலிருந்து வேலையாக ஹைதராபாத் வந்தேன்.
2. மல்லாபூரில் வீடு வீடாகப் போய், அவர்கள் சாப்பிடும் சோளத்தில் ஒரு பை வீதம் வாங்கினேன்.
3. ஞாயிற்றுக்கிழமை ஆய்வகம் பூட்டியிருக்கும் என்பதால் பைகளைச் சித்தி வீட்டில் வைத்தேன்.
4. சித்தி எனக்கு உதவி செய்தாள்.
5. ஒரு கைக்குழந்தையின் அம்மாவிடம், உங்கள் சோளம் நல்ல சோளம், பயப்படாமல் கொடுங்கள் என்று சொன்னேன்.
6. அப்படிச் சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை என்பது அதன்பிறகு தெரிந்தது.

நான்காவதில்தான் விஷயம் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் சொன்னால் சித்தி மேல் பழி விழும். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் என் வேலை. தானியக் கதிரில் வளரும் சில பூஞ்சைகள் நஞ்சைச் சுரக்கும். கதிர் முற்றும் சமயத்தில் மழை பிடித்துக்கொண்டால் அவற்றுக்குக் கொண்டாட்டம். மணி லேசாக ரோஜா நிறம் காட்டும். சில சமயம் ஒன்றுமே காட்டாது. திரித்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போவதில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டில் யாரும் சாய்ந்துவிட மாட்டார்கள். மாதக்கணக்கில் தின்னும் குழந்தையின் வளர்ச்சியை அது மெல்லப் பிடித்து வைக்கிறதோ என்பதுதான் கவலை. ஐரோப்பாவில் கோதுமை, கென்யாவில் மக்காச்சோளம், தக்காணத்தில் சோளம் என்று பயிருக்கு ஏற்ற பூஞ்சை உண்டு. மழைக்காலம் இடம் மாற மாற அவையும் புதிய ஊர்களில் தலைகாட்டுகின்றன. எது எங்கே வந்திருக்கிறது என்று உலக வரைபடத்தில் புள்ளி வைப்பது எங்கள் குழு. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். ஹைதராபாத் இருக்கும் இடம் வெறுமையாக இருந்தது. யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று அதற்குப் பொருள். எனக்கு அங்கே சித்தி இருக்கிறாள் என்று தெரிந்ததும், என் மேலாளர் என்னையே அனுப்பிவிட்டார்.

சித்தியும் சித்தப்பாவும் நாச்சாரத்தில் இருக்கிறார்கள். கோவில்பட்டியை விட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. சித்தப்பாவுக்குப் பாதுகாப்புத் துறையில் வேலை. எங்கே என்று கேட்டால் “சென்ட்ரல் கவர்ன்மென்ட்” என்பார். என்ன வேலை என்று கேட்டால் “டீ குடிக்கியா?” என்பார்.

சித்தி வாசலிலேயே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏட்டி, அங்க சோறே கிடைக்காதா? இப்படிக் காய்ஞ்சு போயிருக்க?”

“உகாலி கிடைக்கும் சித்தி. மக்காச்சோளக் களி மாதிரி.”

“களியத் திங்கவா ஏரோபிளேன் ஏறிப் போன?” என்றவள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். “ஸ்வேதா, அக்காவுக்குத் தண்ணி கொண்டா.”

“ஹவ் மம்மி,” என்று, சரி என்பதற்கு அந்த ஊர்ச் சொல்லில், உள்ளேயிருந்து பதில் வந்தது. ஸ்வேதா என் தங்கை முறை. கல்லூரி முடித்துவிட்டு அமீர்பேட்டில் ஏதோ மென்பொருள் பயிற்சிக்குப் போகிறாள். தமிழ் முழுவதும் புரியும். பதில் மட்டும் தெலுங்கிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ வரும். சித்தி தமிழில் திட்டுவாள், அவள் தெலுங்கில் சமாதானம் சொல்வாள். வீட்டில் இருவருக்கும் அதில் ஒரு சிரமமும் இல்லை.

சனிக்கிழமை ஸ்வேதா எனக்கு மொழிபெயர்ப்பாளராக மல்லாபூருக்கு வந்தாள். தொழிற்சாலைகளுக்குப் பின்னால் வரிசையாக ஓரறை, ஈரறை வீடுகள். பெரும்பாலும் சுற்று மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அரிசியைக் கடையில் வாங்குகிறார்கள். சோளம் மட்டும் ஊரிலிருந்து மூட்டையாக வருகிறது. கதவைத் தட்டி, உங்கள் சோளத்தில் கொஞ்சம் கொடுங்கள், சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் யாரும் மறுக்கவில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே தகராறு. அவர்கள் முறத்தை எடுப்பார்கள். நான் வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்பேன். அவர்களுக்கு அது பிடிக்காது.

காரணம் இருக்கிறது. ஒரு மூட்டையில் நஞ்சு சமமாகப் பரவியிருப்பதில்லை. கைப்பிடி மணிகளில் அத்தனையும் இருக்கும், மற்றவை சுத்தமாக இருக்கும். அந்தக் கைப்பிடியைப் புடைத்து வெளியே போட்டுவிட்டால் சோதனையில் தெரிய ஒன்றுமிருக்காது. அதனால் மூட்டையின் மேலே, நடுவே, அடியே என்று கைவிட்டு அள்ளி, கல்லோடும் தூசியோடும் கட்டிவிடுவேன்.

ரேணுகா என்ற இளம்பெண்ணின் வீட்டில் குழந்தை தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது. லக்கி என்று பெயர், பத்து மாதம். அவள் கணவனுக்கு மருந்துக் கம்பெனியில் பெட்டி கட்டும் வேலை. மூட்டையை அவிழ்த்துக் காட்டும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. ஸ்வேதா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள்.

“எங்க அன்னய்யா வயல்ல விளைஞ்சது. ஜஹீராபாத் பக்கம். முதல் குழந்தைக்கு மாமன் வீட்டுத் தானியம்தான் போடணும். தோளில தூக்கிட்டு பஸ்ஸில வந்தான். கண்டக்டர்கிட்ட சண்டை போட்டு, அதுக்குத் தனியா டிக்கெட் எடுத்து.”

தாய்மாமன் சீர் கோவில்பட்டியிலும் உண்டு, ஆனால் எங்களுக்கு அது பட்டுத் துணியும் தங்கமும். சோள மூட்டையைத் தோளில் தூக்கி வந்த மாமனை நான் கேள்விப்பட்டதில்லை.

மூட்டைக்குள் கைவிட்டேன். மேலே வெள்ளையாக இருந்தது. அடியிலிருந்து வந்த மணிகளில் சில லேசாகச் சிவந்திருந்தன. ரேணுகா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அறுப்பு நேரத்துல மழை. அன்னய்யாவே சொன்னான். ஒண்ணும் ஆகாதில்ல? இவனுக்கு இன்னும் ஜாவ ஆரம்பிக்கலை. திங்கட்கிழமை நல்ல நாள்.”

ஜாவ என்பது நம் கூழ்தான், கொஞ்சம் நீர்க்க இருக்கும். “திங்கட்கிழமை சாயங்காலம் போன் பண்றேன்,” என்றேன். “அதுவரைக்கும் குடுக்காதீங்க.”

திரும்பும் வழியில் தெருவோரம் சோள ரொட்டி தட்டும் அம்மாவிடம் இருவரும் நின்றோம். ஆளுக்கு இரண்டு ரொட்டி, மிளகாய்க் காரம், ஒரு கரண்டி கத்திரிக்காய்க் குழம்பு. நைரோபியில் உகாலியைக் கையால் உருட்டி கீரையில் தொட்டுத் தின்னும்போது எனக்குக் கம்பங்களிதான் நினைவுக்கு வரும். இந்த ரொட்டிக்கு என்னிடம் ஒப்பீடு இல்லை. காகிதம் போல மெல்லிசு, விளிம்பில் கருகல். இதிலும் இருக்குமோ என்று வேலைப் புத்தி கேட்டது. மூன்றாவது ரொட்டி வாங்கிக்கொண்டேன்.

பைகளைச் சித்தி வீட்டில், ஏசி அறையில், அலமாரிக்கு மேலே அடுக்கினேன். ஈரம் படக்கூடாது, எறும்பு வரக்கூடாது, திங்கட்கிழமை காலை எடுத்துப் போய்விடுவேன் என்று சித்தியிடம் சொன்னேன். யாரும் தொடக்கூடாது என்று சொல்லவில்லை. எங்கள் ஆய்வகத்தில் அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தி சொதி வைத்தாள். தேங்காய்ப்பால், முருங்கைக்காய், இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்த என்னை ஸ்வேதா செருப்பு வாங்க அமீர்பேட்டுக்கு இழுத்துப் போனாள். மெட்ரோவில் எங்களுக்கு எதிரே இரண்டு தமிழ்ப் பையன்கள், மாதாப்பூரில் வேலை பார்ப்பவர்கள் போலிருக்கிறது.

“மச்சான், ரூம்ல மாவு அரைக்கலாம்டா.”

“எதுல அரைப்ப? லேப்டாப்லயா?”

“ஹவுஸ் ஓனர் ஆன்ட்டிகிட்ட கிரைண்டர் கேட்கலாம்.”

“போன தடவ ஸ்க்ரூ டிரைவர் கேட்டதுக்கே, ஊருக்கு எப்ப காலி பண்ணிப் போறீங்கன்னு கேட்டுச்சு.”

ஸ்வேதா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். இட்லிக்காக ஏங்கும் அந்த இருவரையும் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாமா என்று என்னிடம் இந்தியில் கேட்டாள். அவர்களில் ஒருவனுக்கு இந்தி தெரிந்திருந்தது. அடுத்த நிலையத்திலேயே இறங்கிவிட்டார்கள்.

நாங்கள் வீடு திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சித்தி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். பைகள் அலமாரிக்கு மேலே இருந்தன.

திங்கட்கிழமை காலை மெட்ரோவில் பை சோதிக்கும் இடத்தில் காவலர் என்னை ஓரமாக நிறுத்தினார். இயந்திரத்தில் என் பெட்டி முழுக்க ஒரே மூட்டமாகத் தெரிந்திருக்கிறது. திறந்து காட்டினேன். ஒரு பையை அவிழ்த்துப் பார்த்தவர், “ஜொன்னலா?” என்றார், சோளமா என்று. தலையாட்டினேன். “என்ன விலை? இவ்வளவு சுத்தமா எங்க கிடைக்குது?” என்று கேட்டு, சர்க்கரை வியாதிக்கு இதுதான் மருந்து என்று பின்னால் நின்ற அத்தனை பேரையும் காக்கவைத்து எனக்கு விளக்கினார். வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். சுத்தமா என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை.

ஹைதராபாத் ஆய்வகத்தில் எனக்கு உதவியவள் அஃப்ரீன். பழைய நகரத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். என் இந்தியைக் கேட்டுவிட்டு, “ஆங்கிலமே பேசுங்க, எனக்கு வலிக்குது,” என்றாள். ஒவ்வொரு பையையும் கொட்டி, கலந்து, அரைத்து, கரைசலில் ஊறவைத்தோம். கொட்டும்போது அவள் சொன்னாள்: “ஹைதராபாத்தில் ஒரு கல்லுகூட இல்லாத சோளமா? உங்களுக்கு ராசிதான்.”

மாலைக்குள் முடிவு வந்துவிட்டது. எல்லாப் பையும் வரம்புக்கு வெகு கீழே. பச்சை. நான் மகிழ்ந்தேன், அதை மறைக்கப் போவதில்லை. சிவப்பு முடிவுகளை எழுதி எழுதிப் பழகியவளுக்கு ஒரு பச்சை கிடைத்தால் கேள்வி கேட்கத் தோன்றாது. ஸ்வேதாவை அழைத்து, அதே அழைப்பில் அவள் மூலமாக ரேணுகாவுக்குச் சொன்னேன். ரேணுகா உடனே யாரிடமோ திரும்பிச் சொல்வது கேட்டது. பிறகு ஸ்வேதா சொன்னாள்: “அக்கா, இப்பவே அடுப்பு பத்த வைக்கிறாங்களாம். உங்களுக்கு நூறு ஆயுசாம்.” அதை மட்டும் தமிழில் சொன்னாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குத் தோசை. இரண்டாவது தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டே சித்தி கேட்டாள். “சோளமெல்லாம் நல்லாருக்குன்னு சொன்னாவளா?”

“ரொம்ப நல்லாருக்கு சித்தி.”

“நல்லாருக்காம? ஒரு மத்தியானம் பூரா உக்காந்துல்லா பொறுக்குனேன். முதுகு போச்சு.”

நான் தோசையைப் பிய்த்த கையை அப்படியே வைத்துக்கொண்டேன்.

“ஒவ்வொரு பையிலயும் கல்லு, தூசி, சொத்தை. ஒரு பையில அடியில எல்லாம் செவப்பு செவப்பா. இதப் போயி வெள்ளைக்காரனுக்குக் காட்டினா நம்ம ஊர்க்காரங்க இதையா திங்காங்கன்னு நினைக்க மாட்டானா? பேரு மாறாம அது அது பையில அப்படியே கட்டி வச்சேன்ட்டி. நான் கெட்டிக்காரிதான.”

சித்தப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தட்டைப் பார்த்தார். ஸ்வேதாவுக்குப் புரிந்துவிட்டது. “மம்மி, நீ என்ன பண்ணிருக்கே,” என்றாள், அதுவும் தமிழில். அந்த வீட்டில் அவள் தமிழ் பேசினால் நிலைமை மோசம் என்று அர்த்தம் போலிருக்கிறது.

“சிவப்பா இருந்ததையெல்லாம் என்ன பண்ணீங்க சித்தி?”

“குப்பைலதான் போட்டேன். வண்டி காலைல வந்து எடுத்துட்டுப் போயிட்டு. ஏன், அதுவும் வேணுமா?”

விளக்கினேன். மெதுவாகத்தான் சொன்னேன். நான் தேடி வந்ததே அந்தச் சிவப்பு மணிகளைத்தான் என்றதும் சித்தி கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பில் தோசை கருகியது. ஸ்வேதா போய் அணைத்தாள்.

ரேணுகாவை அழைத்தோம். லக்கி ஒரு கிண்ணம் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு கிண்ணத்தால் எதுவும் ஆகாது, ஆனால் மறுபடி கொடுக்க வேண்டாம், காலையில் நேரில் வருகிறேன் என்றேன். அவள் சரி என்று மட்டும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை சித்தி தானும் வருவேன் என்றாள். நல்ல புடவை கட்டிக்கொண்டிருந்தாள். சந்தேகத்தோடு பார்த்தேன். “மன்னிப்புக் கேக்கப் போறப்ப நைட்டியோடயா போவாங்க?” என்றாள். செயலியில் வந்த ஆட்டோ மூன்று தெரு தள்ளி நின்றுகொண்டு, வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரத்து செய்தது. பங்கு ஆட்டோவில் ஏறினோம். உள்ளே ஏற்கெனவே இரும்புக் குழாய்கள் பயணம் செய்துகொண்டிருந்தன. சித்தி அவற்றுக்குப் பக்கத்தில் புடவையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நைரோபியின் பங்கு வேனான மட்டாட்டுவில் பாட்டுச் சத்தத்தில் காது அடைக்கும். இங்கே குழாய்ச் சத்தம். வழி நெடுகச் சித்தி ஏதோ தெலுங்கு வாக்கியங்களை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ரேணுகா எங்களை உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் ஆரம்பித்தாள். ஸ்வேதா வகுப்புக்குப் போய்விட்டதால் சித்திதான் மொழிபெயர்த்தாள்.

“நல்லாருக்குன்னீங்க. இப்ப கெட்டுப்போச்சுன்னு சொல்ல வந்திருக்கீங்களா?”

“இல்லை. எனக்குத் தெரியாதுன்னு சொல்ல வந்திருக்கேன்.”

“தெரியாதுன்னு சொல்றதுக்கா கென்யாவில இருந்து வந்தீங்க?”

சித்தி இதை ஒரு சொல் விடாமல் எனக்கு மொழிபெயர்த்தாள். பிறகு என்னை விட்டுவிட்டு நேராக ரேணுகாவிடம் தன் தெலுங்கில் பேசத் தொடங்கினாள். பொறுக்கியது நான், அவளுக்குத் தெரியாது, ஊர் மானம் போய்விடுமே என்று செய்தேன் என்று சொன்னது எனக்கே புரிந்தது. ரேணுகா கேட்டுக்கொண்டே இருந்தாள். திடீரென்று வாயைப் பொத்திச் சிரித்தாள்.

“நானும் முறத்தை எடுத்தேனே. இவங்கதான் விடலை. அடுத்தவங்க வீட்டுக்குப் போற தானியத்தை யாராவது அப்படியே குடுப்பாங்களா, ஆன்ட்டி?”

“அதான நான் கேக்கேன்,” என்றாள் சித்தி, என்னைப் பார்த்து.

மறுபடி மேலே, நடுவே, அடியே அள்ளினேன். சித்தி பையைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மற்ற வீடுகளுக்கும் போனோம். திறந்திருந்தவற்றில் மறுபடி வாங்கினேன், பூட்டியிருந்த வீடுகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது எந்த வீட்டிலும் முறத் தகராறு வரவில்லை. சித்தி வாசலிலேயே எல்லோரிடமும் தன் கதையைச் சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை முடிவு வந்தது. சில வீடுகளில் ஒன்றுமில்லை, சில வீடுகளில் கொஞ்சம். ரேணுகாவின் பை குழந்தைக்கான வரம்பைத் தாண்டியிருந்தது. அஃப்ரீன் என்னைக் கேட்காமலே இரண்டாவது முறை செய்து பார்த்தாள். அதே விடை. அதே மூட்டையிலிருந்து சித்தி பொறுக்கிய மணிகளின் மாவு கொஞ்சம் மிச்சமிருந்தது, அதையும் மறுபடி சோதித்தோம். அது இன்னமும் வரம்புக்குக் கீழேதான் இருந்தது. பொறுக்கினால் நஞ்சு குறையும் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் நிறம் காட்டாத மணியைக் கண் பொறுக்காது. பத்து மாதக் குழந்தையை அந்த நம்பிக்கையில் விட எனக்கு மனமில்லை.

மாலையில் சித்தியும் நானும் மறுபடி மல்லாபூர் போனோம். ரேணுகா முடிவைக் கேட்டுவிட்டுக் குழந்தையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“மூட்டையை என்ன பண்றது?”

“இவனுக்கு வேண்டாம். நீங்களும் விடுறதுதான் நல்லது.” மீதியையும் சொல்லியாக வேண்டும். “உங்க அண்ணன் வீட்டுலயும் இதே சோளம்தானே?”

அவள் மூட்டையைத் திரும்பிப் பார்த்தாள். “தினமும் போன் பண்றான். ஜாவ குடிச்சானா, ஜாவ குடிச்சானான்னு. அவன்கிட்ட உன் சோளம் சரியில்லைன்னு நான் எப்படிச் சொல்றது? கூடப்பிறந்தவன் குடுத்த சீரைத் திருப்பி விட்டவள்னு ஆகாதா?”

நான் பேசட்டுமா என்று கேட்டேன். ரேணுகா தலையசைத்து மறுத்தாள். வெளியாள் வாயால் கேட்டால் அவனுக்கு இன்னும் வலிக்கும் என்றாள். சித்தி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, லக்கியைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள். “நீ பேசு தாயி,” என்றாள் தமிழிலேயே. ரேணுகாவுக்குப் புரிந்துவிட்டது.

அண்ணன் பெயர் மல்லேஷ். போன் ஒலிபெருக்கியில் இருந்தது. சித்தி என் காதில் மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தாள். ரேணுகா சுற்றி வளைக்கவில்லை. மழையில் பூஞ்சை பிடித்திருக்கிறது, சோதித்துப் பார்த்தார்கள், குழந்தைக்கு ஆகாதாம் என்றாள். அந்தப் பக்கம் ஒரு டிராக்டர் ஓடிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அது நின்றது.

“குழந்தை எப்படி இருக்கான்?”

“நல்லாருக்கான். விளையாடுறான்.”

“எவ்வளவு குடிச்சான்?”

“ஒரு கிண்ணம்.”

“இங்க பசங்க ரெண்டு பேரும் ரெண்டு மாசமா இதைத்தான் சாப்பிடுறாங்க,” என்றார். “அந்த மேடம் பக்கத்துல இருக்காங்களா? எங்க வீட்டு மூட்டையையும் பார்ப்பாங்களான்னு கேளு.”

ரேணுகா என்னைப் பார்த்தாள். சித்தி மொழிபெயர்ப்பதற்கு முன்பே நான் தலையாட்டிவிட்டேன். எப்படி அள்ள வேண்டும் என்று ரேணுகாவே அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். மேலே, நடுவே, அடியே, முறத்தைத் தொடாதே என்று அதட்டினாள். தங்கையின் அதட்டலுக்கு அவர் சரிம்மா, சரிம்மா என்றார். கடைசியில், அடுத்த முறை வரும்போது கம்பு கொண்டு வருகிறேன், அது மழைக்கு முன்னால் அறுத்தது என்றார். அதையும் முதலில் சோதிக்கக் கொடு என்றாள் ரேணுகா.

வியாழக்கிழமை விமானம். சித்தி முறுக்கும் பருப்புப்பொடியும் கட்டிக் கொடுத்தாள். “நான் செஞ்சதால உனக்கு வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?” என்று வாசலில் கேட்டாள். முதல் சோதனையை ரத்து செய்த காரணத்தை அறிக்கையில் எழுதியிருக்கிறேன், உங்கள் பெயரை எழுதவில்லை என்றேன். “எழுதினா என்ன, எழுது,” என்றாள் சித்தி. சித்தப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்.

இன்றைய நிலை இது. ஹைதராபாத்துக்கு வரைபடத்தில் மஞ்சள் புள்ளி வைத்திருக்கிறோம். மல்லேஷ் தன் வீட்டுச் சோளத்தை அஃப்ரீனிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். முடிவு இன்னும் வரவில்லை. லக்கி அரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்த கஞ்சி குடிக்கிறான். முடிவு வரும் வரைக்கும் அவன் மாமன் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே கஞ்சிதான்.